கொசுவுக்கு எத்தனை கால்

பிறந்தநாள் வீடுகளில் பிள்ளைகள் முகத்துக்குச் சாயம் தீட்டிப் பிழைக்கிற ஒருத்தி பாளையங்கோட்டையில் இருந்தாள். பெயர் பிளாரன்ஸ். வயது இருபத்தாறு. அவளிடம் தொழில் படிக்க வந்த சங்கரலிங்கத்துக்கோ நாற்பத்து மூன்று. ஃபிளெக்ஸ் கடை வேலையை விட்டுவிட்டு வந்தவர். அவள் அவரை அண்ணாச்சி என்பாள். அவர் அவளை டீச்சர் என்பார்.

அடுத்த ஞாயிறு அவர் தனியாகப் போக ஒரு பார்ட்டி வந்திருந்தது. டீச்சர் சரி என்றால் போவது, இல்லையென்றால் ஃபிளெக்ஸ் கடைக்கே திரும்புவது என்று வீட்டில் பேசி முடித்திருந்தார்.

அன்று ஒரு மொட்டைமாடிப் பார்ட்டி. இரண்டு ஸ்டூல், பக்கத்தில் பக்கத்தில்.

சங்கரலிங்கம் புலி வரைந்தால் ரோமம் ரோமமாக வரைவார். "ஆடாதே ராசா, மூச்சை மெதுவா விடு" என்பார். பிள்ளை கண்ணாடியைப் பார்க்கும். "ம்" என்று இறங்கிப் போய்விடும்.

டீச்சரின் புலிக்கு ஆரஞ்சு நிறத்தில் மூன்று ஒற்று, கறுப்பில் நாலு கோடு, அவ்வளவுதான். அதுவோ உறுமிக்கொண்டு மாடியெல்லாம் ஓடும். வரிசை முழுக்க அவள் பக்கம்தான் நின்றது.

"டீச்சர், ஒண்ணு கேட்கலாமா?"

"கேளுங்க அண்ணாச்சி."

"உங்க புலி பூனை மாதிரி இருக்கு."

"ஆமா. காதும் கொஞ்சம் கோணல்."

"என் புலி புலியாவே இருக்கு. ஆனா பிள்ளைங்க உங்ககிட்டதான் வருது. ஏன்?"

பிள்ளைகளுக்கு முகம் காட்டுகிற அவருடைய கண்ணாடியை அவள் எடுத்துத் தன் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"கண்ணாடி இல்லாம பிள்ளை எப்படிப் பார்க்கும்?"

"பார்க்கும். நீங்க வரைங்க."

ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி ஸ்டூலில் ஏறி உட்கார்ந்தாள்.

"எனக்குக் கொசு."

"கொசுவா? என் ஆல்பத்துல கொசு இல்லையே. பட்டாம்பூச்சி போடட்டுமா?"

"பட்டாம்பூச்சி கடிக்குமா மாமா?"

"கடிக்காது."

"அப்ப கொசு."

வரைந்தார். கன்னத்துக்கு ஒன்றாக இறக்கை. மூக்கிலிருந்து நாடிவரை நீளமாக ஊசி. சிறுமி கண்ணாடியைத் தேடினாள். இல்லை. வேறு வழியில்லாமல் அவர் முகத்தைப் பார்த்தாள்.

அவரோ இடது இறக்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது சற்றுத் தூக்கலாக இருந்தது. பிரஷை மறுபடி எடுத்தார்.

"நான் கொசு ஆகலையா?"

உதடு பிதுங்கிவிட்டது. அழுகை வந்தால் சாயம் நிற்காது. டீச்சரைத் திரும்பிப் பார்த்தார். அவள் வேறொரு பிள்ளையின் நெற்றியில் குனிந்திருந்தாள்.

அப்போதுதான் சங்கரலிங்கம் அந்தப் பிள்ளையை முழுசாகப் பார்த்தார். பார்த்தவர், பிரஷைப் போட்டுவிட்டு, தன் கையிலே தானே பட்டென்று ஓர் அடி அடித்துக்கொண்டார்.

"எம்மா, கடிச்சிட்டியே பிள்ளே."

சிறுமி ஒரு நொடி திகைத்தாள். பிறகு "ங்ங்" என்று பாடிக்கொண்டே வந்து மறு கையைக் குத்தினாள். அடுத்து கழுத்து. அவர் சொறிந்துகொண்டே எழுந்து ஓட, ஸ்டூல் உருண்டது. கேசரித் தட்டோடு நின்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

மூச்சு வாங்கத் திரும்பி வந்தபோது அவர் ஸ்டூல் முன்னால் வரிசை நின்றது.

"எனக்குப் பேன்."

"எனக்கு மூட்டைப்பூச்சி."

"எனக்கு எங்க தமிழ் மிஸ்."

பேன் அவர் தலையில் ஊர்ந்தது. மூட்டைப்பூச்சி அவரை உட்காரவிடவில்லை. மூக்குக்கண்ணாடி வரைந்து முடித்ததும் தமிழ் மிஸ் அவரைக் காதைப் பிடித்துத் தோப்புக்கரணம் போடச் சொன்னாள். போட்டார். பத்து முடிந்தபின்னும், "சத்தமா எண்ணலை, முதல்லேர்ந்து" என்றாள்.

பார்ட்டி முடிந்து பிரஷ்களைக் கழுவும்போது அவர் சட்டையில் காய்ந்த இடமே இல்லை.

"டீச்சர், வர்ற ஞாயித்துக்கிழமை நான் தனியாப் போகலாமா?"

"அந்தக் கொசுவுக்கு எத்தனை கால் வரைஞ்சீங்க அண்ணாச்சி?"

யோசித்தார். கால் வரைந்தோமா என்பதே நினைவில்லை. முகம் வாடிவிட்டது.

"தெரியலையே டீச்சர். எங்கெங்க கடிச்சுதுன்னுதான் ஞாபகம் இருக்கு."

அவள் பிரஷிலிருந்த தண்ணீரை உதறினாள்.

"அப்ப போயிட்டு வாங்க."