பாவாயி கல்யாணத்து அம்மிக்கல்

கடவுள் மூளையைப் பங்கு வைத்த அன்று வரிசையில் நிற்காமல் வெற்றிலை மென்றுகொண்டிருந்த மூன்று பேர் உண்டு. சென்றாயன், தீர்த்தான், அங்கணன். கூடப் பிறந்தவர்கள். தங்கை பாவாயிக்கு ஆற்றுக்கு அக்கரையில் ஒன்பது மணிக்கு முகூர்த்தம். ஏழரைக்கெல்லாம் அவளையும் கூட்டிக்கொண்டு பரிசல் துறைக்கு வந்துவிட்டார்கள். அதுவரைக்கும் தப்பு ஒன்றும் நடக்கவில்லை.

கூடவே ஓர் இலவம்பஞ்சு மெத்தை. மூன்று பேர் சேர்ந்து கட்டிப்பிடித்தாலும் அடங்காது. அப்புறம் வீட்டு அம்மிக்கல். தாய்வீட்டு அம்மியை மிதிக்காத பெண்ணின் கல்யாணம் அவர்கள் குடும்பத்தில் செல்லாது.

எல்லாரும் ஏறியதும் பரிசல்காரர் மாதையன் விளிம்பைப் பார்த்தார். "தண்ணிக்கு மேல நாலு விரல் இருக்கோணும். ரெண்டுதான் இருக்குது. எடையைக் குறைங்க."

அங்கணன் தன் நாலு விரலையும் விளிம்பில் வைத்து, "இருக்குதுங்க" என்றான்.

மாதையன் துடுப்பால் விரலைத் தட்டினார். தட்ட வேண்டிய இடம் தலை. நல்ல மனிதர், விட்டுவிட்டார். பெரிய சாமான்தானே கனம் என்று அண்ணன் தம்பிகள் மெத்தையைக் கரையில் இறக்கினார்கள். விளிம்பு அரை விரல் உயர்ந்தது.

"இத்தாப் பெரிசை இறக்கியும் எடை போகலியே அண்ணா" என்றான் தீர்த்தான்.

சென்றாயன் நிதானமாக யோசித்தான். "மெத்தைதான்டா இறங்குச்சு. அதோட எடை இன்னும் பரிசல்ல உக்காந்திருக்குது."

உடனே அங்கணன் துண்டை எடுத்துப் பரிசலைப் பெருக்கித் தள்ளினான்.

மாதையன் அம்மியைக் காட்டினார். மெத்தை இடத்தைத்தான் அடைக்கிறது, கனமெல்லாம் கல்லில் இருக்கிறது என்று மூன்று தடவை விளக்கினார். கேட்டவர்களுக்கு அவர்மேல் இரக்கம்தான் வந்தது. ஒரு மெத்தைக்குள் பத்து அம்மியை ஒளித்து வைக்கலாம், இதுகூடத் தெரியாமல் பரிசல் ஓட்டுகிறாரே.

ஆனாலும் மாப்பிள்ளை வீட்டுக்குச் சுத்தமாகப் போகட்டும் என்று தீர்த்தான் அம்மியைக் கயிற்றில் கட்டி ஆற்றில் முக்கினான். முக்கியவன் முகம் மாறிப்போனது. கல்லில் ஒரு பங்கு கனத்தைக் காணோம். எடை கரைகிறது, அப்படியென்றால் கல்லும் கரையும் என்று பதறி மேலே தூக்கினான். கல் முழுசாக இருந்தது, கனமும் திரும்பி வந்திருந்தது.

"கல்லு அதே கல்லுதாண்ணா. தேஞ்சா போச்சு? ஆறு கொஞ்சம் தாங்குது, அவ்வளவுதான்" என்றாள் பாவாயி. அந்த வீட்டுக்கு மொத்தமாக வந்த அறிவு அவளிடம் இருந்தது.

அம்மியைப் பரிசலுக்கு வெளியே, தண்ணீருக்குள் தொங்கவிட்டார்கள். விளிம்பு நாலு விரலுக்கு ஏறியது. மாதையன் தானே விரல் வைத்துப் பார்த்துவிட்டுத் துடுப்புப் போட்டார்.

நடு ஆற்றில் அம்மி பாறை இடுக்கில் போய் உட்கார்ந்தது. பரிசல் நின்றது. விளிம்பு மட்டும் இன்னும் உயர்ந்தது.

"கல்லுல இருந்த எடை பூராவும் போயிருச்சு" என்று மூவரும் கைகொடுத்துக்கொண்டார்கள். மாதையன் கயிற்றை அறுக்கச் சொன்னார். அறுத்தால் அம்மி இல்லை, அம்மி இல்லாவிட்டால் கல்யாணம் இல்லை. மூவரும் கயிற்றின்மேல் படுத்துக்கொண்டார்கள். பாவாயி அழ ஆரம்பித்தாள்.

மணி ஒன்பதை நெருங்க, மாப்பிள்ளையும் ஐயரும் அக்கரையிலிருந்து வேறொரு பரிசலில் வந்து சேர்ந்தார்கள். அங்கேயே தாலி கட்டியாயிற்று. "பொண்ணு அம்மியை மிதிக்கணுமே" என்றார் ஐயர். எல்லாரும் தண்ணீரை எட்டிப் பார்த்தார்கள்.

சென்றாயன் தொண்டையைச் செருமினான். "அம்மி அடியில இருக்குது. அதுக்கு நேர் மேல பரிசல் நிக்குது. பரிசல்ல நாங்க அத்தனை பேரும் நிக்கறோம். இத்தனை நேரமா மிதிச்சுக்கிட்டுத்தானுங்க இருக்கோம்."

முகூர்த்தம் தப்பப் போகிறதே என்று ஐயர் ஒப்புக்கொண்டார். அந்த மனுஷர் அங்கேதான் தவறு செய்தார்.

மறுநாள் காலையில் மாப்பிள்ளை வீட்டு வாசலில் அண்ணன் தம்பிகள் மூவரும் துணிப்பையோடு, தலைகுனிந்து, வலது காலை எடுத்து வைத்து நின்றார்கள். அம்மி மிதித்தவர்கள் அம்மா வீட்டில் இருந்தால் ஊர் என்ன பேசும்? மூத்த மருமகள் சென்றாயனா பாவாயியா என்று அந்த வீட்டில் இன்றைக்கும் தகராறு. மாதையன் மட்டும் போகவில்லை. அவருக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆகிவிட்டது.