தண்ணீர் இயந்திரத்தை எங்கே வைப்பது?

நின்று யோசிக்கிற பழக்கம் உள்ளவர்களுக்கு இந்தக் கதை. விடை கீழேயே இருக்கிறது. கண்ணை அங்கே ஓடவிடாமல் படிக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை.

குழலிக்கு ஊர் ஊராகக் கல்லூரிகளுக்குப் போகிற வேலை. கணிதத் துறையில் பழகிப்போன பாடத்திட்டத்தைப் பிரித்துப்போட்டு, இந்தக் காலத்துக்கு ஏற்றபடி மறுபடி கட்ட உதவுவாள். திட்டம் எழுதுவது அவளுக்குப் பெரிய பாடில்லை. எழுதிய திட்டம் பீரோவுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வதுதான் பெரும்பாடு. போன கல்லூரியில் புதுப் பாடம் யாருக்கு என்று ஆசிரியர்கள் முறைத்துக்கொண்டார்கள். கடைசிவரை பாடம் பிறக்கவே இல்லை. பஸ் ஜன்னலில் தலைசாய்த்து ஊர் திரும்பும்போது, தான் இத்தனை காலம் பீரோக்களுக்காகத்தான் உழைத்தோமோ என்று அவளுக்குத் தோன்றியது.

செவ்வந்திபுரம் கல்லூரியிலும் அதே நிலை வந்தது. அங்கே கணிதம் படிக்கச் சேருகிறவர்கள் வருடா வருடம் குறைந்துகொண்டே வந்தார்கள். இந்தத் திட்டமும் படுத்துவிட்டால் துறையையே மூடிவிடுவார்கள். 'நடைமுறைக் கணிதம்' என்று ஒரு புதுப் பாடம். அதை உருவாக்கி நடத்த ஒரே ஓர் ஆசிரியர். கேட்டு நின்றவர்களோ மூன்று பேர்.

துறைத்தலைவர் செண்பகராமன் ஒருவர். மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'மாறிலி'. சமன்பாட்டில் எது மாறினாலும் தான் மாறாமல் உட்கார்ந்திருக்கும் எண்ணுக்கு அந்தப் பெயர். விடை தப்பாக இருந்தாலும் வழி சரியென்றால் ஸ்டெப் மார்க் போட்டுவிடுவார். வழியே தப்பென்றால் திட்டமாட்டார். "கணக்க முதல் வரியிலேருந்து படி" என்பார். அதுவும் மாறாது. அடுத்தவர் தேவசகாயம், கையில் கணினியோடு பிறந்தவர் மாதிரி இருப்பார். மூன்றாமவர் புள்ளியியல் நடத்தும் நூர்ஜகான். அவர் பேசுவது குறைவு, கேட்பது அதிகம்.

குழலி ஒரு யோசனை சொன்னாள். கல்லூரியிலேயே உள்ள ஒரு சிக்கலை முதல்வர் கொடுக்கட்டும். மூவரும் தங்கள் மாணவர்களோடு சேர்ந்து அதைக் கணக்காகப் போடட்டும். நன்றாகப் போட்டவருக்குப் பாடம். எல்லாரும் தலையாட்டினார்கள்.

முதல்வர் சொன்னார்: "பிள்ளைங்க நாக்கு வறண்டு வகுப்புல உக்காரக் கூடாது. ஒரு குடிநீர் இயந்திரம் வந்திருக்கு, ஒண்ணே ஒண்ணு. எங்க வைக்கலாம், சொல்லுங்க."

அந்தக் கல்லூரி ரயில்வண்டி போல நீளமான ஒரே கட்டடம், ஒரே வராந்தா. கிழக்குக் கோடியில் வணிகவியல். பாதிக்கும் மேற்பட்ட மாணவர்கள் அங்கேதான். நடுவில் நூலகம். மேற்குக் கோடியில் கணிதம், அதையும் தாண்டிப் பெண்கள் கழிப்பறை.

யாரைக் கேட்டாலும் "நூலகத்துக்கிட்ட வைங்க, நடுவுல" என்பார்கள். தேவசகாயம் தூரங்களை அளந்து, ஒவ்வோர் இடமாகக் கணினியைப் பார்க்கச் சொல்லி, முதல் ஆளாக வந்து நின்றார். "வணிகவியல் வாசல் சார். அங்க வெச்சாத்தான் எல்லாரும் நடக்கிற மொத்தத் தூரம் குறைவு."

செண்பகராமன் ஒரு சாக்பீஸோடு வந்தார். "பாதிக்கு மேல அங்க இருக்காங்க. வாசலை விட்டு ஓரடி இந்தப் பக்கம் நகர்த்துங்க. அவங்க எல்லாருக்கும் ஓரடி கூடும். மிச்சப் பேருக்கு ஓரடிக்கு மேல குறையாது. அப்ப மொத்தம் கூடத்தானே செய்யும்? இன்னும் எத்தனை அடி நகர்த்தினாலும் இதே கதைதான். இதுக்கு எதுக்குய்யா கம்ப்யூட்டர்?"

"இடத்தை முதல்ல சொன்னது நான் சார்."

"நீ இடத்தைச் சொன்ன. நான் ஏன்னு சொன்னேன். விடைக்கு உள்ள மார்க்கை நீ வெச்சுக்க, ஸ்டெப் மார்க்கெல்லாம் எனக்கு."

இருவர் முகமும் இறுகுவதைக் குழலி பார்த்தாள். பீரோக் கதவு திறக்கும் சத்தம் காதில் கேட்பதுபோல் இருந்தது.

"நூர்ஜகான் மேடம், நீங்க?"

"நான் இடம் எதையும் எழுதலைங்க."

"வெள்ளைத் தாளா மேடம்?" என்று தேவசகாயம் சிரித்தார்.

"எங்க பிள்ளைங்க வகுப்பு வகுப்பாப் போய், யார் எவ்வளவு தண்ணி குடிக்கிறீங்கன்னு கேட்டாங்க. வணிகவியல் பொண்ணுங்க காலையில வீட்டுல குடிக்கிறதோட சரி. பாட்டில்ல கொண்டாந்த தண்ணியக்கூட அப்படியே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டுபோறாங்க. ஏன்னு கேட்டா, 'குடிச்சுட்டு அந்தக் கோடிக்கு யாரு மேடம் போறது, இடைவேளையே முடிஞ்சிரும்'கிறாங்க. இயந்திரத்தை அவங்க மடியிலயே வெச்சாலும் குடிக்க மாட்டாங்க. முதல்ல கிழக்குப் பக்கம் ஒரு கழிப்பறை கட்டுங்க. அப்புறம் இவங்க சொல்ற இடத்துல வைங்க."

முதல்வர் குழலியைப் பார்த்தார்.

ஒருவர் சரியான இடத்தை முதலில் சொன்னார். ஒருவர் மறுக்க முடியாத காரணத்தைச் சொன்னார். ஒருவர் இடமே சொல்லவில்லை. படிக்கிறவரே, குழலியின் நாற்காலியில் நீங்கள் இருந்தால் பாடத்தை யாருக்குக் கொடுப்பீர்கள்? எதனால்?

விடை: குழலி வாய் திறப்பதற்குள் செண்பகராமன் சாக்பீஸைக் கீழே வைத்தார். "முதல்வர் சொன்னதை முதல் வரியிலேருந்து படிங்க" என்றார். பிள்ளைகள் நாக்கு வறண்டு உட்காரக் கூடாது என்பது முதல் வரி. இயந்திரம் அதற்கப்புறம்தான் வந்தது. "நானும் இவனும் ரெண்டாவது வரியை மட்டும் போட்டுட்டுச் சண்டை பிடிக்கிறோம். கணக்கைப் போட்டது அந்தம்மா." பாடம் நூர்ஜகானுக்குப் போனது. அவர் முதல் வகுப்பிலேயே ஓரடிக் காரணத்தைச் சொல்லச் செண்பகராமனையும், அதைக் கணினியில் காட்டத் தேவசகாயத்தையும் உட்கார வைத்துவிட்டார். கிழக்கே கழிப்பறை எழுந்த பிறகு, இயந்திரம் வணிகவியல் வாசலில் நின்றது. பாட்டில்கள் காலியாக வீடு திரும்பின. 'மாறிலி' என்ற பெயர் மட்டும் போகவில்லை. முதல் வரியை விட்டு நகராதவர் என்று மாணவர்கள் அதற்குப் புது அர்த்தம் சொல்லத் தொடங்கினார்கள்.