பேனா உருண்ட திங்கட்கிழமை

2023 ஜூலை 3, திங்கட்கிழமை, காலை பத்தேகால். இயந்திரவியல் துறையின் கூட்ட அறையில் பதினான்கு நாற்காலிகள் காத்திருந்தன. பதின்மூன்றில் ஆண்கள் உட்காருவார்கள். கதவோரத்தில் இருந்த ஒன்று முனைவர் மங்கையர்க்கரசியுடையது.

மேசை மேல் ஒரு குறிப்பேடும் ஒரு நீலப் பேனாவும் கிடந்தன. ஆட்கள் வர இன்னும் கால் மணி நேரம் இருந்ததால் இரண்டும் பேசிக்கொண்டிருந்தன.

"இந்தத் துறையில என்னை மாதிரி உழைக்கிறவன் கிடையாது. பன்னிரண்டு வருஷக் கூட்டக் குறிப்பு முழுக்க என் வம்சம் எழுதினதுதான்" என்றது பேனா.

"எழுதினது மங்கையர்க்கரசி அம்மா. நீ கூடப் போன, அவ்வளவுதான்" என்றது குறிப்பேடு. "என்னைப் புரட்டிப் பாரு. கோதண்டபாணி கூறினார், அன்வர்தீன் வலியுறுத்தினார், சவரிமுத்து நன்றி கூறினார். மங்கையர்க்கரசி கூறினார்னு ஒரு வரி இருக்கா?"

பேனா யோசித்தது. "பேசியிருக்க மாட்டாங்க."

"பேசினாங்க. மூணு வருஷம் முன்னால, வெப்பவியல் ஆய்வகத்துக்கு யாரு பொறுப்பேத்துக்கிறீங்கன்னு தலைவர் கேட்டாரு. நாலு பேர் சொன்னாங்க. நாலு பேரையும் எழுதி முடிச்சுட்டு, எனக்கும் விருப்பம்னு இவங்க சொன்னாங்க. 'நேரமாச்சு, முடிச்சுக்கலாம்'னாரு தலைவர். தன் பேரைத் தானே எழுதிக்கிட்டா நல்லாவா இருக்கும்? எழுதல. கல்லூரி முதல்வர் என்னைப் பார்த்துதான் முடிவு பண்ணினாரு. வேற யாரும் கேட்கலன்னு நினைச்சுட்டாரு."

அன்றைய கூட்டத்தில் அதிர்வு ஆய்வகம் வரப்போகிறது என்பது இரண்டுக்கும் தெரியும். மங்கையர்க்கரசியின் ஆராய்ச்சியே அதிர்வுகளைப் பற்றியது. அந்தப் பொறுப்பு கிடைத்தால்தான் ஆராய்ச்சி மாணவர்களைச் சேர்க்க முடியும். பதவி உயர்வு நேர்காணலில் சொல்லவும் ஏதாவது இருக்கும்.

"நான் என்ன செய்யறது? எடுக்கிற கையோட போறவன் நான்" என்றது பேனா.

"உருளத் தெரியாதா உனக்கு?"

அதுவரை பேசாதிருந்த மேசை வாய் திறந்தது. "வடக்குப் பக்கமா நான் அரை அங்குலம் சாய்வு. பதினாலு இயந்திரவியல் பேராசிரியர்கள் மாசாமாசம் முழங்கை ஊன்றுறாங்க, ஒருத்தர் கண்ணிலயும் படல. அந்தப் பக்கம் போகணும்னா சொல்லு, கஷ்டமே இல்ல."

பத்தரைக்கு எல்லோரும் வந்து உட்கார்ந்தார்கள். துறைத் தலைவர் கோதண்டபாணி வழக்கம்போல் பேனாவைக் கதவுப் பக்கம் தள்ளிவிட்டார். அது பாதி தூரம் போய், வளைந்து, வடக்கே உருண்டு, சவரிமுத்துவின் முன்னால் நின்றது.

சவரிமுத்துவின் விரல்கள் அதை அப்படியே கதவுப் பக்கம் தள்ளப் போயின. பழக்கம்தான்.

"மேடம், பேனா அங்க கிடக்கு பாருங்க" என்றார் தலைவர்.

"பார்த்தேன் சார்" என்றார் மங்கையர்க்கரசி. ஆய்வகத் திட்டத்தை மூன்று தாளில் எழுதிக்கொண்டு வந்திருந்தார். இரண்டு கையும் அந்தத் தாள்களின் மேலேயே இருந்தன.

பதின்மூன்று பேரும் ஒரே பக்கம் பார்த்துக்கொண்டிருப்பதை சவரிமுத்து கவனித்தார். தானும் அந்தப் பக்கமே பார்ப்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பேனாவை எடுத்தார்.

"இன்னிக்கு நான் எழுதறேன் சார்."

"என்ன சவரி, கையெழுத்துப் பயிற்சியா? அப்படியே எல்லாருக்கும் டீயும் சொல்லிடுங்க" என்றார் அன்வர்தீன். எல்லோரும் சிரித்தார்கள். சவரிமுத்துவும் சிரித்தார். காது மட்டும் சிவந்தது.

"சும்மா வேகமா ஓடு" என்று கெஞ்சியது குறிப்பேடு. "எங்கே ஓடறது, இந்தக் கை பழகாத கை" என்றது பேனா.

அதிர்வு ஆய்வகம் வந்தது. மூன்று பேர் விருப்பம் சொன்னார்கள். "கொஞ்சம் மெதுவா" என்று இரண்டு முறை கேட்டபடி சவரிமுத்து எழுதினார். பிறகு மங்கையர்க்கரசி எழுந்து நான்கு நிமிடம் பேசினார். என்ன கருவி, எங்கே வைப்பது, முதல் வருடம் எந்தெந்தச் சோதனை என்று எல்லாம் இருந்தது.

"நல்லது மேடம். நம்ம பேச்சளவுல இருக்கட்டும்" என்ற தலைவர் சவரிமுத்து பக்கம் திரும்பினார். "மூணு பேர் பெயர் போதும்."

"நாலாவதும் எழுதிட்டேன் சார்."

"அடிச்சிடுங்க."

"அடிச்சா அடிச்சது தெரியும் சார். முதல்வர் ஏன்னு கேட்பாரு."

கையெழுத்துப் போடக் குறிப்பேட்டை இழுத்த தலைவர் பெயர்களை வாசித்துப் பார்த்தார்.

"சவரி, உங்க பேர் எங்க? நீங்களும் இந்த லேபைக் கேட்கிறதா இருந்தீங்களே?"

சவரிமுத்துவுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அதைக் கேட்கத்தான் அவர் வந்திருந்தார். "எழுதிக்கிட்டே இருந்ததுல விட்டுப்போச்சு சார்."

"அதுக்கென்ன, மேடம் பேருக்கு மேல ஒரு வரி இடம் இருக்கு. போட்டுக்கோங்க."

குறிப்பேடு அந்த ஒற்றை வரியைத் திறந்து வைத்துக்கொண்டு கிடந்தது.

சவரிமுத்து கதவுப் பக்கம் திரும்பினார். "மேடம், பன்னிரண்டு வருஷத்துல உங்க பேரை இப்படிப் போட்டுக்கச் சொல்லியிருக்காங்களா?"

"இல்ல சார். பன்னிரண்டும் இல்ல, பதினொண்ணுதான். ஒரு வருஷம் பிரசவ விடுப்புல இருந்தேன்."

"அந்த வருஷம் யாரு எழுதினாங்க?"

"யாரும் எழுதல சார். வந்து பார்த்தப்போ பன்னிரண்டு பக்கம் வெறுமையா இருந்துச்சு. தேதி மட்டும் போட்டிருந்தாங்க."

இதற்கு யாரும் சிரிக்கவில்லை. சவரிமுத்து பேனாவை மூடி வைத்தார். மூன்று ஆண்களின் பெயரும் ஒரு பெண்ணின் பெயருமாகக் குறிப்பு முதல்வரின் மேசைக்குப் போனது.

ஆகஸ்டுக் கூட்டத்தில் சவரிமுத்து குறிப்பேட்டைப் பக்கத்து நாற்காலிக்கு நகர்த்தினார். "இந்த மாசம் நீங்க, அன்வர் சார்."

"என் கையெழுத்து எனக்கே புரியாதுங்க."

"விடைத்தாள்ல பசங்களைத் திட்டி எழுதறது மட்டும் பளிச்சுனு புரியுதே?"

அன்வர்தீன் முனகிக்கொண்டே எழுதினார். செப்டம்பரில் அடுத்த நாற்காலி, அக்டோபரில் அதற்கடுத்தது. ஒருவர் மூக்குக்கண்ணாடியை மறந்து வந்தார். மற்றவர்கள் அவருக்கு ஒன்று தேடிக்கொடுத்தார்கள். மங்கையர்க்கரசியின் முறையும் வரும், பதினான்கு மாதத்துக்கு ஒரு தடவை.

"கை மாறிக்கிட்டே இருக்கு, எனக்கு முதுகு வலிக்குது" என்றது பேனா.

"எனக்குப் படிக்கவே முடியல" என்றது குறிப்பேடு. "இருந்தாலும் இப்போ எனக்குள்ள எல்லாரும் பேசறாங்க."

2023 டிசம்பர் 11 அன்று, அதிர்வு ஆய்வகத்தின் சாவி முனைவர் மங்கையர்க்கரசியிடம் ஒப்படைக்கப்பட்டது.