தேடியும் கிடைக்காத பரோட்டா மாஸ்டர்

நியூஜெர்சியில் ஓட்டல் வைத்திருந்த சிங்காரவேலுவிடம், பரோட்டா மாஸ்டர் இருளப்பன் வாரத்துக்கு ஒரு நாள் லீவு கேட்டார். முதலாளி வழக்கம்போலத்தான் பதில் சொன்னார்.

"இஷ்டமில்லேன்னா போய்க்கிட்டே இரு. உன்னை மாதிரி பத்து பேர் நாளைக்கே வந்து நிப்பான்."

இருளப்பன் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டு ஒரு காகிதத்தை நீட்டினார். அவருடைய கிரீன் கார்டுக்காக முதலாளி அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்ததன் நகல் அது. 'பேப்பரில் விளம்பரம் போட்டும் இந்த வேலைக்கு உள்ளூரில் ஓர் ஆள்கூடக் கிடைக்கவில்லை' என்று இருந்தது. கீழே முதலாளியின் கையெழுத்து.

"அந்தப் பத்து பேர் அட்ரஸைக் கொடுங்க முதலாளி. ஆள் கிடைச்சாச்சுன்னு கவர்ன்மென்ட் ஆபீசுக்கு நானே எழுதிப் போட்டுடறேன்."

முதலாளி தொண்டையைச் செருமினார். "செவ்வாய்க்கிழமை எடுத்துக்கோ."

செவ்வாய்க்கிழமை பரோட்டாக் கல்லுக்கு முன்னால் முதலாளியே நின்றார். அவர் அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்தது அத்தனையும் சத்தியம் என்று, சாப்பிட வந்தவர்களுக்கு முதல் வாயிலேயே தெரிந்துவிட்டது.