பாலத்துத் தண்ணீர்

ஆற்றுநீர்ச் சோதனைக் கூடத்தின் தலைமை வேதியியலாளர் அமலோற்பவம் ஓய்வு பெற இன்னும் பதினோரு நாள் இருந்தது. அப்போது வேலாயுதன் ஓர் அறிக்கையோடு அவர் அறைக்கு வந்தார். நாற்பத்தைந்து வயதுக்காரர். கருவியைத் தொடக் கற்றது முதல் எல்லாமே அமலோற்பவத்திடம்தான்.

"மேடம், எவ்வளவு இருந்தா ஆபத்தில்லைன்னு எழுதலாம்?"

"உங்களுக்குத் தெரியாததா?"

"தெரியும். தண்ணீரில் இருக்கிற அளவை, உயிருக்குக் கேடு செய்யாத அளவால வகுக்கணும். ஒண்ணுக்குக் கீழே வந்தா ஆபத்து குறைவு. குரோமியத்துக்கு பூஜ்யம் புள்ளி இரண்டு வருது."

"அப்புறம் என்ன?"

"வடகரையில மீன் செத்து மிதக்குதுன்னு மனு வந்திருக்கு. இந்த அறிக்கையை வச்சுத்தான் அங்கே குடிநீர்க் கிணறு தோண்டப் போறாங்க. கையெழுத்துப் போடக் கை வரல."

அமலோற்பவம் அறிக்கையைப் புரட்டினார்.

"கருவி?"

"மூணு தடவை பார்த்தேன். சரியா இருக்கு."

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

"ஜீப்பை எடுக்கச் சொல்லுங்க," என்றார்.

பாலத்தின் நடுவில் ஜீப் நின்றது. இருவரும் கைப்பிடிச் சுவரோரம் போய் நின்றார்கள். கீழே தண்ணீர் தெளிவாக ஓடிக்கொண்டிருந்தது.

"எங்கே எடுத்தீங்க?"

"இங்கேதான் மேடம். வாளியைக் கயித்துல கட்டி இறக்கினோம். பதிவேட்டுல இருக்கிற இடம் இதுதான்."

"பதிவேட்டுல யாரு எழுதினா?"

"தெரியல. நான் வர்றதுக்கு முன்னாடியே இருக்கு."

"நான்தான்," என்றார் அமலோற்பவம். "இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னாடி."

வடகரையில் இறங்கி, தண்ணீர் ஓடும் திசையில் சீமைக்கருவேல மரங்களுக்கு நடுவே நடந்தார்கள். அரை கிலோமீட்டர் தாண்டியதும் தோல் தொழிற்சாலைகளிலிருந்து வரும் ஓடை ஆற்றில் சேர்ந்தது. அதற்கு அப்பால் தண்ணீரின் நிறம் வேறாக இருந்தது. நுரை கரையோரக் கற்களில் ஒட்டிக் காய்ந்திருந்தது. வேலாயுதன் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

கொஞ்சம் தள்ளி ஒரு பெண் குத்தவைத்துப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தவள் எழுந்து சேலையில் கையைத் துடைத்தாள்.

"மேடம்தானே? எம்புட்டு வருசமாச்சு. நீங்க பாலத்துல நின்னப்ப நான்தான டீ கொண்டாந்து தருவேன். ராக்கம்மா."

"ஞாபகம் இருக்கு."

"தண்ணி எப்படி மேடம்னு கேப்பேன். நல்லா இருக்கும்மான்னு சொல்லுவீங்க." அவள் வேலாயுதனிடம் திரும்பினாள். "நாத்தம் அடிக்குதேன்னு எங்க வீட்டுக்காரரு யோசிச்சாருங்க. ஆபீசுல மெசினு வச்சுப் பாக்குறவங்களே நல்லதுங்கறாங்க, உனக்கு என்னய்யானு நான்தான் வஞ்சேன். அப்புறம் ஊரே ஊத்துத் தோண்டி இங்கனதான் குடிச்சோம்."

"அவர் எங்கேம்மா?" என்று கேட்டார் வேலாயுதன்.

"போயிட்டாரு. ரெண்டு கிட்னியும் கெட்டுப்போச்சுன்னாங்க."

அவள் விரல் இடுக்குகளில் சிறுசிறு குழிகளாகப் புண் இருந்தது. வேலாயுதன் பார்ப்பதைக் கண்டு கையைப் பின்னால் கொண்டுபோனாள்.

அமலோற்பவம் கொண்டுவந்திருந்த சீசாவைத் திறந்து, அவள் பாத்திரம் கழுவிய இடத்திலேயே குனிந்து நீரை நிரப்பினார். செருப்பு சேற்றில் புதைந்தது. மாதிரி கெடாமலிருக்க அமிலம் நான்கு சொட்டு விட்டு மூடினார்.

ராக்கம்மா கேட்டாள். "இப்ப எப்படி மேடம் இருக்கு தண்ணி?"

"குடிக்காதீங்க," என்றார் அமலோற்பவம். "யாரையும் குடிக்க விடாதீங்க."

ராக்கம்மா அவர் முகத்தையே பார்த்தாள். பிறகு பாத்திரங்களைக் கூடையில் அடுக்கி, இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

மூன்றாம் நாள் முடிவு வந்தது. வேலாயுதன் தாளை மேசைமேல் வைத்தார்.

"வகுத்தா நாற்பத்தொண்ணு வருது மேடம்."

"பழைய அறிக்கையை எடுத்திருங்க. இதை எழுதுங்க. இடம் மாறியிருக்கு, ஏன் மாறிச்சுன்னும் எழுதுங்க. பழைய இடத்தைத் தேர்ந்தெடுத்தது யாருன்னு எழுதுங்க."

"உங்க பேரு வரும்."

"வரட்டும்."

வேலாயுதன் பேனாவை எடுத்தார். எழுதவில்லை.

"யாராவது சொல்லித்தான் பாலத்துல எடுத்தீங்களா?"

"யாரும் சொல்லல. முதல் தடவை எடுத்த அன்னிக்கு மழை. கீழே முழுக்கச் சேறு. ஜீப் பாலம் வரைக்கும்தான் போச்சு."

"மறு வருஷம் மாத்தியிருக்கலாமே."

"மாத்தினா போன வருஷத்து எண்ணோட ஒப்பிட முடியாதுன்னு நினைச்சேன். அதுக்கடுத்த வருஷமும் அதையே நினைச்சேன்."

வேலாயுதன் பேனாவைக் கீழே வைத்தார். கேட்கக் கூடாது என்று நினைத்ததைக் கடைசியில் கேட்டுவிட்டார்.

"அந்த அம்மாகிட்ட அத்தனை வருஷமும் பொய் சொன்னீங்களா மேடம்?"

"இல்லை," என்றார் அமலோற்பவம். "பாலத்துத் தண்ணி நல்லாத்தான் இருந்துச்சு."