வழவழ இலை

முதலில் வம்புக்கு வந்தவன் செவலை நரிதான். முள்ளம்பன்றி குட்டையன் தன் பாட்டுக்கு வேலை பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்தக் காட்டில் தினமும் காலையில் வளைக்கு ஒரு தேக்கிலை போக வேண்டும். அன்றைய சேதியைக் குட்டையன் தன் முள்ளால் அதில் குத்தி எழுதுவான். மற்றவர்கள் கண்ணால் படிப்பார்கள். கண் தெரியாத கீரி பூவாயி காலால் தடவிப் படிப்பாள். சேதி இல்லாத நாளில் குத்தாத இலை போகும். இலை வழவழவென்று இருந்தால், 'இன்று ஒன்றுமில்லை' என்று அர்த்தம்.

குட்டையனால் நாளுக்கு நாற்பது இலைதான் முடியும். காட்டிலோ நூறு வளைகள். மீதிப் பேருக்குச் சேதி பிந்தித்தான் போகும்.

செவலை நரி ஓடையில் ஒரு மர உருளையைப் பொருத்தினான். சேதியைக் களிமண் எழுத்தாக அதன்மேல் ஒட்டி, நாவல்பழச் சாயம் பூசினான். தண்ணீர் உருளையைச் சுழற்றியது. இந்தப் பக்கம் இலையை விட்டால் அந்தப் பக்கம் அச்சாகி வந்தது.

சபையில் நரி குட்டையனைப் பார்த்துச் சொன்னான்: "பெரியவரே, நீங்கள் ஓர் இலை முடிப்பதற்குள் ஆமை மலையேறிவிடும்! போய்ப் படுத்துத் தூங்குங்கள்!"

சபை சிரித்தது. யானைத் தலைவியும் சிரித்தாள்.

"சாயத்தைப் பூவாயி எப்படியடா படிப்பாள்?" என்றான் குட்டையன்.

"ஒருத்திக்காக ஓடையை நிறுத்தச் சொல்கிறீரா?"

மூன்றாம் நாள் வேடர்கள் குளத்தின் வடகரையில் வலை விரித்தார்கள். வெயில் ஏறுமுன் அந்தச் சேதியோடு நூறு இலையும் அச்சாகி, காக்கைகள் கொண்டுபோய்ப் போட்டுவிட்டன. பூவாயி தன் இலையைத் தடவினாள். வழவழவென்று இருந்தது. நிம்மதியாக வடகரைக்குத் தண்ணீர் குடிக்கப் போனாள்.

வலையில் சிக்கிய அவள் அலறல் குட்டையனுக்குக் கேட்டது. உருளை வந்ததும் வேலை போனவன், குளத்தின் எதிர்க்கரையில்தான் சும்மா கிடந்தான்.

"அசையாதே தாயி! அசைந்தால் இறுகும்!"

கயிறு கயிறாகக் கடித்தான். வேடர்களின் பேச்சுச் சத்தம் நெருங்கியது. கடைசிக் கயிறு அறுந்ததும் இருவரும் புதருக்குள் பாய்ந்தார்கள்.

சபை கூடியது.

"உனக்கு இலை வரவில்லையா?" என்று பூவாயியிடம் கேட்டாள் யானை.

"வந்தது அம்மா. வழவழவென்று வந்தது."



"நான் அனுப்பிவிட்டேன்! அதற்குமேல் நான் என்ன செய்ய?" என்று நரி குதித்தான்.

உருளையை உடைத்துப் போடுங்கள் என்று சொல்லத்தான் குட்டையன் எழுந்தான். பிந்திய சேதியால் உருளை வரும்வரை தவித்த அறுபது வளைக்காரர்களும் எதிரே உட்கார்ந்திருந்தார்கள். கோபத்தை மென்று விழுங்கினான்.

"உருளை இருக்கட்டும். களிமண் ஈரமாக இருக்கும்போதே எழுத்து நெடுக முள்ளைச் செருகி வை. சாயமும் விழும், துளையும் விழும்" என்றான். உடம்பைச் சிலிர்த்து, ஒரு கைப்பிடி முள்ளை நரியின் முன்னால் உதறினான்.

மறுநாள் நூறு இலையும் அதே வேகத்தில் வந்தன. பூவாயி தடவித் தடவி உரக்கப் படித்தாள்.

"பார்த்தீர்களா, என் உருளை யாரையும் விடாது!" என்று நரி மார்தட்டினான்.

"முதலில் குட்டையரிடம் மன்னிப்புக் கேள்" என்றாள் யானை.

"நாளைக்குக் கேட்கிறேன் அம்மா!"

எத்தனையோ நாளை போய்விட்டது. நரி இன்னும் கேட்கவில்லை. குட்டையனும் மறக்கவில்லை.

எத்தனை வேகமாக, எத்தனை பேருக்கு அனுப்பினாலும், வாங்கியவரால் படிக்க முடியாத சேதி அனுப்பாத சேதிதான்.