டீன் வகுப்பில் எல்லாரும் கேட்ட கேள்வி

டீன் தில்லைவாணன் ஆன்லைனில் பாடம் எடுத்தால் எந்த மாணவனும் கேள்வி கேட்க மாட்டான். கேட்டால் இன்டர்னல் மார்க்கில் கைவைத்துவிடுவார். பிறகு எவன் கேட்பான்?

பல்கலைக்கழகத்துக்கு ஆய்வுக்குழு வருகிறது, அவர் வகுப்பையும் பார்க்கப்போகிறது என்றதும் மனிதருக்கு இருப்புக்கொள்ளவில்லை. தற்காலிக விரிவுரையாளர் பொற்கொடியைக் கூப்பிட்டுக் கத்தினார்.

“ஏம்மா, நாளைக்கு என் கிளாஸ்ல அத்தனை பேரும் கேள்வி கேக்கணும். ஒருத்தன் கேக்கலேன்னாலும் உன் வேலை நீட்டிப்புல கையெழுத்துப் போட மாட்டேன்!”

அவள் வீட்டில் அடுப்பெரிவதே அந்த வேலையால்தான். அதற்காகப் பேரம் பேசாமல் விடுவாளா?

“எல்லாரும் கேட்டுட்டா அங்கேயே கையெழுத்துப் போடணும் சார். யார் கேட்டாங்கன்னு பேரும் தெரியக் கூடாது.”

“சரி, போ!”

மறுநாள் குழு டீன் அறையிலேயே அவர் பக்கத்தில் உட்கார்ந்தது. டீன் கணினி முன்னால் முழங்கினார். மைக்கை ஆன் செய்யவில்லை. பொற்கொடி பதறிப்போய், “சார்...” என்றாள்.

“நான் பேசும்போது எவரும் வாயைத் திறக்கக் கூடாது!”

அவள் திறக்கவில்லை. பாடத்தை முடித்துவிட்டு, மாணவர்கள் பேரில்லாமல் எழுதும் கேள்விப் பக்கத்தை டீன் கம்பீரமாகத் திறந்துவிட்டார். கேள்விகள் மளமளவென்று வந்து விழுந்தன. குழுத் தலைவி உரக்கப் படித்தார்.

“சார், சத்தமே வரலையே?”

“சார், சத்தம் எங்களுக்கு மட்டும்தான் வரலையா?”

“வாய் அசையுது சார், என்ன பாடம்?”

டீன் பொற்கொடியை முறைத்தார். அவள் நீட்டிப்பு உத்தரவை அவர் முன்னால் வைத்தாள்.

“ஒருத்தர் விடாம கேட்டுட்டாங்க சார். பேனா தரட்டுமா?”